கருப்புத் துணியும் வெள்ளைத் தையலும்

புதுக் கருப்புத் துணிக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. சாயமும் கஞ்சியும் கலந்த வாசனை. மடிப்பைப் பிரித்ததும் மூக்கில் ஏறும். போன ஐப்பசியில் அண்ணன் மகள் கருப்புப் பாப்ளின் வாங்கிவந்து என் தையல் மெஷின் மேல் பிரித்துப் போட்டபோது அறை முழுக்க அந்த வாசனைதான்.

"காலேஜ்ல ஹாலோவீன் கொண்டாடுறோம் அத்தை. எனக்கு வெனஸ்டே டிரெஸ் தைச்சுத் தாங்க. எல்லாமே கருப்பு, காலர் மட்டும் வெள்ளை. காலர் முனை நீளமா, கூரா வரணும்" என்று போனில் படத்தைக் காட்டினாள். இரட்டைச் சடை, சிரிப்பே இல்லாத முகம், கருப்புக் கவுன். ஜென்னா ஓர்ட்டேகா என்ற பெண் நடித்து, 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்து உலகம் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட தொடர் அது.

அளவெடுத்துக்கொண்டே, "இந்த டைரக்டரோட மத்த படமெல்லாம் பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"டிம் பர்ட்டனா? நாலஞ்சு பாத்தேன் அத்தை. முதல் படம் பாக்கறப்போ ஆச்சரியமா இருந்துச்சு. அப்புறம் எல்லாம் ஒண்ணு மாதிரியே தெரியுது. வெளிறிப்போன முகம், கண்ணைச் சுத்தி மை, சுருண்டுக்கிட்டு நிக்கிற மரம், கருப்பு வெள்ளைக் கோடு. நாப்பது வருஷமா அதையே எடுத்தா சலிக்காதா?"

கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் கிளம்பிப் போனாள். மேசை மேல் கருப்புத் துணி கிடந்தது. அந்தக் கேள்வியோடு நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

அப்பா மதுரை புதுமண்டபத்தில் டெய்லர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் அது. கோடைக்கென்றே கட்டியது. வெளியே சித்திரை வெயில் கண்ணைக் கூசவைக்கும். படியேறி உள்ளே கால் வைத்தால் கல்லின் குளிர் பாதத்தில் இறங்கும். தூணுக்குத் தூண் யாளியும் குதிரை வீரனும் நாயக்க மன்னர்களும் நிற்பார்கள். அவர்கள் காலடியில் வரிசையாகத் தையல் மெஷின்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தைப் பார்த்துக்கொண்டே வெட்டுத்துணிகளைப் பொறுக்கி நிறவாரியாகப் பிரித்து வைப்பது என் வேலை. வெளியூர்க்காரப் பிள்ளைகள் யாளியின் பல்லைப் பார்த்து அழுவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது பக்கத்து வீட்டுத் தாத்தா முகம். இருட்டு என்றால் பயம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர முடியவில்லை. என் இருட்டு வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக இருந்தது.

அந்த நாளில் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பு எடுக்க மாட்டார்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நான் கருப்புத் துணியைத் தொட்டாலே அம்மா முகம் சுளிப்பாள். கடைக்கு வரும் கருப்பெல்லாம் வக்கீல் கோட்டுக்கும், கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கும்தான். கடையில் சேரும் கருப்பு வெட்டுத்துணியை அப்பா எனக்கென்று எடுத்துவைப்பார். பொம்மைக்குக் கருப்புப் பாவாடை தைத்து வெள்ளை நூலில் பூ போட்டுக்கொள்வேன். இன்றைக்குக் கல்யாண வரவேற்பிலேயே பெண்கள் கருப்புப் புடவையில் வந்து நிற்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பேய் வேஷம் கட்டிக்கொள்ள அத்தையிடம் துணி கொடுத்துவிட்டுப் போகிறது ஒரு பிள்ளை. எவ்வளவோ மாறிவிட்டது.

வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில், ஒரு ராத்திரி, ஆங்கில சேனலில் அந்தப் படம் ஓடியது. 'எட்வர்ட் சிஸர்ஹேண்ட்ஸ்'. 1990-ல் வந்த படம். கைக்குப் பதிலாகக் கத்திரிகள் முளைத்த ஒருவனை முதலில் பார்த்தது அப்பாதான். "ஏம்மா, இங்க வா. நம்ம தொழில்காரன் ஒருத்தன் வந்திருக்கான்" என்று கூப்பிட்டார். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. ஆனால் ஜானி டெப் அந்தப் படத்தில் பேசுவதே குறைவு. கண்ணாலும் கத்திரியாலும்தான் நடிப்பு.

அப்பா கதையை விட்டுவிட்டுக் கத்திரியையே பார்த்தார். "பதட்டம் வரும்போதெல்லாம் கத்திரி தானா அடிச்சுக்குது பாரு" என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கத் தொடங்கியது. சாப்பாட்டு மேசைக் காட்சியில், தட்டில் உருளும் பட்டாணியை எடுக்க எட்வர்ட் திண்டாடுவான். கத்திரி முனை வரைக்கும் வரும் பட்டாணி வாய்க்குப் போகாது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் முடி வெட்டுறான், செடி வெட்டுறான், சோறு அள்ள முடியலையே. யாராச்சும் ஊட்டிவிடக் கூடாதா?" என்றார். நாற்பது வருஷம் கத்திரி பிடித்ததில் அவருடைய பெருவிரல் வளைந்து காய்த்துப் போயிருந்தது. அந்த விரலை அவர் தடவிக்கொண்டே படம் பார்த்தது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

அந்தப் படத்தில் என்னை உலுக்கியது மலை மேல் நிற்கும் கருப்பு மாளிகையல்ல. அதன் கீழே இருந்த தெரு. ஒரு வீடு வெளிர்பச்சை, அடுத்தது வெளிர்மஞ்சள், அதற்கடுத்தது நீலம். எல்லா வீட்டு முன்னும் ஒரே அளவுப் புல்தரை. காலையில் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஃப்ளோரிடாவில் நிஜமாகவே மக்கள் குடியிருந்த ஒரு தெருவை எடுத்து, வீடு வீடாக இந்த நிறங்களைப் பூசிப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு நடுவே முழுக் கருப்பில், வார்ப்பட்டையும் கொக்கியுமாக எட்வர்ட் நடந்து வருகிறான். வெட்டிக்கொள்ளும் கத்திரியோடு வந்தவன் ஒருவரையும் காயப்படுத்த நினைத்து வரவில்லை. வெளிர்நிற வீட்டுக்காரர்கள்தான் முதலில் கொண்டாடி, பிறகு விரட்டுகிறார்கள். அந்தக் கருப்பு அவ்வளவு அழகாக இருந்ததற்குக் காரணம் அந்தத் தெரு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

பர்ட்டன் பிறந்தது 1958-ல், கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில். வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் ஊர். சினிமா ஸ்டூடியோக்கள் இருக்கும் ஊர்தான், ஆனால் அவர் வளர்ந்தது ஒரே மாதிரி வீடுகள் கொண்ட அமைதியான குடியிருப்பில். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் அலைந்தும், வின்சென்ட் பிரைஸ் நடித்த பேய்ப் படங்களையும் ரே ஹாரிஹாவ்ஸன் உயிர்கொடுத்த எலும்புக்கூட்டுப் பொம்மைகளையும் பார்த்தும் வளர்ந்த பிள்ளை. வெயிலும் ஒழுங்கும் நிறைந்த ஊரில், இருட்டை அவர் ஒதுங்குமிடமாகக் கண்டிருக்கிறார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் புதுமண்டபத்துக் கல்தரைதான் உள்ளங்காலில் குளிர்ந்தது.

படிப்பு முடிந்ததும் டிஸ்னியில் வேலை. குட்டி நரிகளைக் கொஞ்சலாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். அது அவர் கைக்கு வரவில்லை. அங்கே இருந்தபடியே 1982-ல் 'வின்சென்ட்' என்ற குறும்படத்தை எடுத்தார். ஆறே நிமிடம், கருப்பு வெள்ளை, பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது. நல்ல வீட்டுப் பிள்ளையான ஏழு வயசுப் பையன் ஒருவன், தன்னை வின்சென்ட் பிரைஸாக நினைத்துக்கொண்டு இருட்டில் திரிகிறான். வெளியே போய் வெயிலில் விளையாடு என்கிறாள் அம்மா. பின்னணிக் குரல் கொடுத்தவர் வின்சென்ட் பிரைஸேதான். அடுத்து 1984-ல், செத்துப்போன தன் நாயைத் தைத்து உயிர்ப்பிக்கும் சிறுவனைப் பற்றிய 'ஃப்ராங்கன்வீனி'. குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று அதை ஒதுக்கி வைத்தார்கள். டிஸ்னி வேலையும் அதோடு முடிந்தது.

இந்த இரண்டு குறும்படத்திலும் எட்வர்டின் தெரு முன்பே இருக்கிறது. வெளிச்சமான வீடு, அதற்குள் பொருந்தாத ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிகிற இருட்டு. பர்ட்டனின் பாணி என்று பேசும்போது சுருள்களையும் கோடுகளையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வெளிச்சத்தில் இடம் கிடைக்காத ஒருவர் ஒதுங்கி நிற்கும் நிழல்தான் அந்தப் பாணி. அந்த ஒருவர் இருக்கும்வரை கருப்பு எத்தனை முறை வந்தாலும் பழசாகாது என்பதே என் கட்சி.

தொழில்காரர் மகள் என்பதால் இன்னொன்றையும் பார்த்தேன். அவர் படங்களில் தையல் வெளியே தெரியும். "தையல் வெளிய தெரிஞ்சா, தொழில் தெரியலைன்னு அர்த்தம்" என்பது அப்பாவின் பாடம். பர்ட்டனிடம் நேர்மாறு. 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் மிஷெல் ஃபைஃபர் கேட்வுமன் ஆகும் காட்சியை வீடியோ கேசட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். முதலாளி அவளை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறான். செத்துப் பிழைத்து வீட்டுக்கு வருகிறாள். வீடு முழுக்க ரோஸ் நிறம், பொம்மைகள், சுவரில் வரவேற்பு சொல்லும் நியான் எழுத்துகள். கையில் கிடைத்ததையெல்லாம் உடைக்கிறாள், சுவரில் கருப்புச் சாயம் அடிக்கிறாள். பிறகு அலமாரியிலிருந்து பளபளக்கும் கருப்புக் கோட்டை இழுத்துப்போட்டு வெட்டி, மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள். உடைந்துபோன நியான் எழுத்துகளில் மிச்சம் இருப்பவை இப்போது நரகத்தைக் குறிக்கின்றன. உடம்பெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தையல் ஓடும் உடுப்போடு ஜன்னலில் வந்து நிற்கிறாள். நேற்று வரை ரோஸ் அறையில் அடங்கிக் கிடந்தவள் தன்னைத் தானே தைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்பதை அந்தத் தையல்தான் சொன்னது. மறைத்துத் தைத்திருந்தால் அது ஒரு சினிமா உடுப்பு, அவ்வளவுதான்.

பர்ட்டனின் கதையைக் கொண்டு ஹென்றி செலிக் இயக்கிய 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தில் சாலி என்ற பொம்மைப் பெண் வருவாள். உடம்புக்குள் காய்ந்த இலைச் சருகு. அடைத்து வைத்தவனிடமிருந்து தப்பிக்க ஜன்னலிலிருந்து குதிப்பாள். கை கால் தனித்தனியாகச் சிதறும். ஊசி நூலை எடுத்துத் தன்னைத் தானே தைத்துக்கொண்டு நடப்பாள். துணி கிழிந்தால் தூக்கிப் போடாமல் தைத்து உடுத்திய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று நெஞ்சில் ஒட்டும்.

பிறகு நான் வேலைக்காகச் சென்னைக்குப் போனேன். பர்மா பஜாரில் ஆங்கிலப் பட சிடிக்களைக் கவர் கவராகப் புரட்டிய காலம் அது. 'எட் வுட்' அங்கேதான் கிடைத்தது. 1994-ல், முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையிலேயே எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்று பர்ட்டன் எடுத்திருக்கிறார். உலகின் மிக மோசமான இயக்குநர் என்று பெயர் வாங்கிய எட் வுட்டுக்கும், வயதாகி வாய்ப்பிழந்த டிராகுலா நடிகர் பேலா லுகோசிக்கும் இடையிலான நட்பு. ராத்திரிக் குளிரில், தண்ணீருக்குள், மோட்டார் இல்லாத ரப்பர் ஆக்டோபஸின் கைகளைத் தானே தன் மேல் சுற்றிக்கொண்டு அந்தக் கிழவர் சண்டை போடுவார். படத்தில் பேயும் இல்லை, மாளிகையும் இல்லை. ஆனாலும் அது முழுக்க முழுக்கப் பர்ட்டன் படம். அரங்கில் ஓடவில்லை. லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவுக்கும் ஒப்பனைக்கும் ஆஸ்கர் கிடைத்தது. கடைசிக் காலத்து வின்சென்ட் பிரைஸை 'எட்வர்ட் சிஸர்ஹேண்ட்ஸ்' படத்தில் எட்வர்டைப் படைத்தவராக நடிக்கவைத்த மனசுதான் இந்தப் படத்தையும் எடுத்தது.

'ஸ்லீப்பி ஹாலோ' வேறு மாதிரி. 1999-ல் வந்தது. முதலிலிருந்து கடைசி வரை மூடுபனியும் மொட்டை மரமும்தான். நிறத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு ரத்தத்தை மட்டும் சிவப்பாக விட்டிருப்பார். வெளிச்சமான தெருவே இல்லாத அந்தப் படம் எப்படி நிற்கிறது என்று யோசித்திருக்கிறேன். வெளிச்சத்தை அந்தக் கதாநாயகன் மனசில் வைத்துக்கொண்டு வருகிறான். நியூயார்க்கிலிருந்து கருவிகளோடும் பகுத்தறிவோடும் வந்து, தலையில்லாத குதிரைக்காரனைப் பார்த்ததும் போர்வைக்குள் நடுங்குகிறான். எதிர்த்து நிற்க ஒன்று இருந்தால் போதும், இருட்டு உயிரோடு இருக்கும்.

அப்பா இறந்த வருஷத்தில்தான் 'பிக் ஃபிஷ்' பார்த்தேன். 2003-ல் வந்த படம். பர்ட்டன் அதற்குச் சில வருஷம் முன்பு தன் தந்தையையும், பிறகு தாயையும் இழந்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கதையளந்த ஒரு தந்தை சாகக் கிடக்கிறார். அந்தக் கதைகளை நம்ப மறுத்த மகன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் எப்படிச் சாகப்போகிறேன் என்று நீ சொல் என்று தந்தை கேட்கிறார். மகன் தட்டித் தடுமாறித் தொடங்குகிறான். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடுவதாகவும், ஆற்றங்கரையில் அவர் கதைகளில் வந்த அத்தனை பேரும், அந்த ராட்சசன் உட்பட, சிரித்துக்கொண்டு காத்திருப்பதாகவும் சொல்கிறான். சாவைக் காட்டும் அந்தக் காட்சி பட்டப்பகல். பச்சைப் புல், தெளிந்த தண்ணீர். கருப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த இயக்குநர், தன் சொந்த துக்கத்தைச் சொல்ல வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் அவ்வளவும் திரும்பி வந்தன. யாளி ராத்திரியில் இறங்கி வந்து பாபினில் நூல் சுற்றிக் கொடுக்கும் என்று சின்ன வயசில் அவர் சொன்ன கதை ஞாபகம் வந்தது. படம் முடிந்த பிறகும் வெகுநேரம் அழுதேன்.

இந்த வரிசைக்குப் பிறகு வந்தவற்றைத்தான் அண்ணன் மகளின் கேள்வி தொடுகிறது. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2010-ல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' வந்தபோது முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையோடு உட்கார்ந்தேன். நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், கலை இயக்கத்துக்கும் ஆடைகளுக்கும் ஆஸ்கர் வாங்கிய படம். கண்ணுக்குக் குறையே இல்லை. ஆனால் ஆலிஸ் விழுந்த உலகத்தில் மரமெல்லாம் ஏற்கெனவே சுருண்டிருந்தது, முகமெல்லாம் ஏற்கெனவே வெளிறியிருந்தது. எல்லோருமே விசித்திரமாக இருக்கும் ஊரில் விசித்திரமானவன் எங்கே போய் ஒதுங்குவான்? பெரும்பகுதி கம்ப்யூட்டரில் வரைந்தது என்பதால் கை பட்ட தடமும் தெரியவில்லை. ஒரே ஆளுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையின் டிசைனை வைத்துக்கொண்டு, யாருக்கும் பொருந்தும் ரெடிமேடாக அடித்துத் தள்ளியது போல இருந்தது. 'டார்க் ஷேடோஸ்' பார்த்தபோதும் அந்தக் குறை தீரவில்லை.

வெளியுலகமும் அதற்குள் மாறிவிட்டிருந்தது. 2009-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பர்ட்டனின் ஓவியங்களையும் பொம்மைகளையும் வைத்துக் கண்காட்சி நடத்தியது. டிஸ்னிலேண்டின் பேய் மாளிகை 2001 முதல் வருஷக் கடைசியில் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்து ஜாக் ஸ்கெல்லிங்டன் வேஷம் கட்டிக்கொள்கிறது. அந்த எலும்புக்கூட்டு முகம் பையிலும் பனியனிலும் செருப்பிலும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஒதுங்கிய பிள்ளைகளின் ரகசிய அடையாளமாக இருந்தது, கடைக்குக் கடை தொங்கும் சரக்கானது. சலிப்பின் பாதிக் காரணம் இது. அதைப் பர்ட்டன் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை.

அந்தச் சரக்குப் பெருக்கத்துக்கு நடுவிலும் அவருடைய பழைய கை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. 'ஸ்வீனி டாட்' படத்தில் லண்டன் முழுக்கப் புகையும் கரியும். நடுவே ஒரு பகல் கனவு வருகிறது. கடற்கரை, பளிச்சென்ற வெயில். அங்கேயும் அந்த நாவிதன் கோடு போட்ட நீச்சலுடையில் அதே செத்த முகத்தோடு உட்கார்ந்திருப்பான். அவன் துக்கம் எவ்வளவு ஆழம் என்று இருட்டுக் காட்சிகளைவிட அந்த வெயில்தான் சொன்னது. 2012-ல், தன்னை வெளியே அனுப்பிய அதே டிஸ்னிக்காக 'ஃப்ராங்கன்வீனி'யை முழுநீளப் படமாக, கருப்பு வெள்ளையில், பொம்மைகளை நகர்த்தி எடுத்தார். ஸ்பார்க்கி என்ற அந்த நாயின் உடம்பில் தையல்கள் பட்டவர்த்தனமாக ஓடும். தண்ணீர் குடித்தால் தையல் வழியே ஒழுகும். செத்த நாயைத் தைத்த பையனின் அன்பு அந்தத் தையலில் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் எடுத்த கதையையே திரும்ப எடுத்தும் அது பழசாகவில்லை.

அண்ணன் மகளின் கவுனுக்கு மாதிரி பார்க்கவென்று 'வெனஸ்டே' தொடரை மறுபடி போட்டேன். முதல் பருவத்தின் எட்டு அத்தியாயங்களில் முதல் நாலைப் பர்ட்டனே இயக்கியிருக்கிறார். இந்தமுறை அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுதி அறையில் ஒரு பெரிய வட்ட ஜன்னல் வரும். அறைத்தோழி ஈனிட் வண்ணப் பிரியை. ஜன்னல் கண்ணாடி முழுக்க வானவில் நிறம் ஒட்டியிருப்பாள். வெனஸ்டே வந்ததும் தன் பக்கத்துப் பாதியில் நிறங்களை உரித்து எடுத்துவிடுவாள். ஒரே ஜன்னலில் பாதி வண்ணம், பாதி வெறுமை. நடுவே ஒரு கோடு.

படத்தை நிறுத்தினேன். "இந்த ஜன்னலைப் பாரு. முழு ஜன்னலும் கருப்பா இருந்தா உனக்கு இந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்குமா?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பிடிச்சிருக்காது அத்தை. ஈனிட் இருக்கறதாலதான் இவ இவளா தெரியிறா. கடைசில இவ ஈனிடைக் கட்டிப்பிடிக்கிறப்போ நான் அழுதேன்" என்றாள். பிறகு அவளாகவே அந்த உடம்பில்லாத கையைக் காட்டினாள். வெனஸ்டேயின் தோளில் தொற்றிக்கொண்டு திரியும் அந்தக் கையின் தோலில் அங்கங்கே தையல். "இதுலயும் தையல் போட்டிருக்காரு பாருங்க" என்றாள். எட்வர்டின் தெருவையும் கேட்வுமனின் ரோஸ் அறையையும் பற்றி அவளுக்குச் சொன்னேன். அதுவரை அவள் இரண்டையும் பார்த்திருக்கவில்லை. வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். பட்டாணிக் காட்சியில் தாத்தா சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு நினைவு தெரியும் முன்னே போய்விட்ட தாத்தா அன்று எங்களோடு படம் பார்த்தார்.

கடைசியாகப் பார்த்தது 'பீட்டில்ஜூஸ் பீட்டில்ஜூஸ்'. 1988-ல் வந்த படத்துக்கு 2024-ல் வந்த இரண்டாம் பாகம். மைக்கேல் கீட்டன், வினோனா ரைடர், கேத்தரின் ஓஹாரா மூவரும் திரும்பி வந்திருக்கிறார்கள். முடிந்தவரை பொம்மை, ஒப்பனை, கைவேலை என்று பழைய முறையிலேயே எடுத்திருக்கிறார். மோனிகா பெல்லூச்சி துண்டு துண்டாகப் பெட்டிகளில் கிடந்து, ஸ்டேப்ளர் அடித்துத் தன்னைச் சேர்த்துக்கொண்டு எழுவார். சாலியும் கேட்வுமனும் ஊசி பிடித்த இடத்தில் இவர் கையில் ஸ்டேப்ளர்.

அந்தப் படத்தில் என் மனசை இழுத்தது லிடியா. முதல் படத்தில் அவள் கருப்பு உடுத்திய, பேய்களோடு மட்டும் பேச முடிந்த தனிமையான பெண். இப்போது நடுவயதில், டெலிவிஷனில் பேய் நிகழ்ச்சி நடத்துகிறாள். கூட்டத்துக்கு முன் அதே கருப்பு உடுப்பு, அதே முன்முடி. நிகழ்ச்சியை நடத்தித் தருகிறவன் அவளை வைத்துக் காசு பார்க்கிறான். பெற்ற மகளுக்கே அவள் மேல் நம்பிக்கை இல்லை. செத்துப்போன தகப்பனைப் பார்க்க முடியாத அம்மாவுக்கு மற்ற பேயெல்லாம் எப்படித் தெரிகிறது என்பது அந்த மகளின் ஆற்றாமை. ஒரு காலத்தில் ஒதுங்குமிடமாக இருந்த இருட்டு, வருஷங்கள் போனதும் விற்பனைச் சரக்கானால் என்ன ஆகும் என்று பர்ட்டன் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட படமாக எனக்குத் தெரிந்தது. மகளைக் காப்பாற்ற லிடியா செத்தவர்களின் உலகத்துக்குள் நிஜமாக இறங்குகிறாள். கடைசியில் அந்த நிகழ்ச்சியை விட்டுவிடுகிறாள். தன் பாணி சரக்காகிப்போனதைப் பர்ட்டனும் உணர்ந்திருக்கிறார் என்றுதான் இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

புதுமண்டபத்தில் இப்போது தையல் மெஷின்கள் இல்லை. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூண்களுக்கும் சிற்பங்களுக்கும் அதுவே நல்லது, நானும் ஏற்கிறேன். ஆனால் அங்கே தைத்தவர்கள் தொழிலை விடவில்லை. இடம் மாறினாலும் அளவு நோட்டையும் கத்திரியையும் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு உடம்புக்கும் புதிதாக அளவெடுக்கத்தான் செய்கிறார்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் இன்றும் சாணை பிடித்த பழைய கத்திரியில்தான் வெட்டுகிறார்.

பர்ட்டனிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கருப்பை அவர் விட வேண்டியதில்லை, சுருளையும் கோட்டையும் கைவிட வேண்டியதில்லை. நிறத்தை மாற்று, பாணியை மாற்று என்று விமர்சகர்கள் வருஷக்கணக்காகச் சொல்வது அவருக்குத் தேவையற்ற யோசனை. அவருக்கு வேண்டியது ஒரு தெரு. வெளிர்மஞ்சள் வீடுகளும் ஒரே அளவுப் புல்தரையும் உள்ள தெரு. அந்தத் தெருவில் இன்றைக்கு யாருக்கு இடமில்லை என்று பார்க்கும் கண் அவருக்கு இன்னும் இருக்கிறது. 'எட் வுட்' போலச் சின்னதாக ஒரு படத்தை, கைவேலை தெரிய, தையல் மறைக்காமல் எடுத்தால் போதும். வெயிலில் நிற்க இடமில்லாத பிள்ளைகள் எல்லா ஊரிலும் பிறந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நிழல் இன்னும் வேண்டியிருக்கிறது.